வாய்க்குப் பறித்த துவரை

குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள்தான். அதனாலேயே கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பாப்பாரப்பட்டியைச் சுற்றியிருந்த பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடிக் குழந்தைகளுக்குக் கதை எழுதினோம். மூன்று பேர் ஆண்கள், நான் ஒருத்தி பெண். இங்கே பெரியவர் சின்னவர் கிடையாது, எல்லோரும் சமம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வெல்லக் காப்பி போடும் வேலை மட்டும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பார். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. நல்ல வழக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். வந்த கதைகள்தான் சகிக்கவில்லை. ராஜகுமாரன் ரோஜாத் தோட்டத்தில் உலாவுவான், லட்டு தின்பான், கடைசி வரியில் பெரியோர் சொல் கேட்பான். எங்கள் வகுப்புப் பிள்ளைகளோ ராகிக் கூழைக் குடித்துவிட்டு வந்தார்கள், அதுவும் வீட்டில் இருந்தால்.

என் கதை, மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுமி சொன்னது. பசியோடு வருகிற வழியில், துவரை போட்டிருந்த ஒரு புன்செய்க் காட்டோரம் நின்று பச்சைத் துவரங்காயை உருவித் தின்றிருக்கிறாள். நிலத்துக்குச் சொந்தக்காரியான காட்டுக்காரி பார்த்துவிட்டாள். "கெளைய ஒடிக்காம உருவு புள்ள" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் கதை. எங்கள் பக்கத்தில் வாய்க்குப் பறித்தால் களவில்லை, மடியில் கட்டினால்தான் களவு. சிறுமி சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் அப்படியே எழுதினேன்.

எங்களில் கையெழுத்து அழகாக இருந்தவர்தான் எல்லாக் கதைகளையும் அச்சுக்குப் படி எடுப்பார். என் கதையைக் கேட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"திருட்டைத் திருட்டுன்னு சொல்லணுமுங்க. இதுல நீதி எங்கீங்க இருக்குது?"

மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்டேன்: "நீங்க யாரும் சின்னதுல துவரங்கா தின்னதே இல்லீங்களா?"

மூவரும் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படி எடுக்கிறவர் மட்டும் அசையவில்லை. "தின்னது வேறீங்க, எழுதறது வேறீங்க" என்றார். ஓர் எழுத்தையும் மாற்றச் சம்மதிக்க மாட்டேன் என்றேன். "சரிங்க டீச்சரம்மா, உங்க இஷ்டம்" என்று முடித்துக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

கதைகள் மொரப்பூரில் ரயிலேறிச் சேலத்து அச்சகத்துக்குப் போயின. உன் கதை பொஸ்தகத்தில் வரப்போகிறது என்று சிறுமியிடம் சொன்னேன். அன்றிலிருந்து எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு, தினமும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

புத்தகம் வந்த அன்று, நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். துவரங்காய் வரைக்கும் என் கதைதான். அதன்பின், 'காட்டுக்காரி அவளைப் புளியமரத்தில் கட்டி வைத்தாள். இனித் திருடமாட்டேன் என்று அவள் கதறி அழுதாள்' என்று வந்தது. அடியில் கொட்டை எழுத்தில் நீதி. அதற்கும் அடியில் என் பெயர்.

வகுப்பே முன்வரிசையில் இருந்த சிறுமியைப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ "திருடி" என்றார்கள்.

"என்னை யாருங்க கட்டி வெச்சாங்க?" என்று அவள் கேட்டாள்.

"யாரும் கட்டல. எழுதுனவங்க பொய் எழுதிட்டாங்க."

"எழுதுனது நீங்கதானுங்களே, டீச்சரம்மா."

கூட இருந்தே குழி பறித்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "காகிதமே கெடைக்காத காலத்துல உங்க கதை அச்சுல வந்ததே பெருசுங்க" என்றார் படி எடுத்தவர். அவர் முகத்தில் ஒரு துளி வெட்கம்கூட இல்லை. துவரங்காய் என்றதும் முன்பு சிரித்தவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு அவளோடு அந்தக் காட்டு வழியே நடந்தேன். வரப்போரத் துவரையில் காய் சடைசடையாகத் தொங்கியது. தின்னச் சொன்னேன். நானே ஒன்றை உருவி அவளிடம் நீட்டினேன்.

"வேண்டாமுங்க. பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்களே" என்றாள்.

காட்டைத் தாண்டும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாள்.