பொருநையில் ஓடாத விளையாட்டு

மகன் பிளஸ் டூ படித்த வருஷம், அரைப் பரீட்சை மார்க்கைப் பார்த்த கோபத்தில், அவன் டியூஷனுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு, லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவன் ஆடுகிற கேம் லினக்ஸில் ஓடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகவேதான் போட்டேன். வகுப்பில் அதன் அருமை பெருமைகளைத் தொண்டை வற்றச் சொல்கிறவள், வீட்டில் அதைப் பூட்டாக்கினேன். போடும்போது கணினிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. 'பொருநை' என்று கொடுத்தேன். எங்கள் ஊர் ஆற்றின் பெயரை வைத்தால் செய்த காரியம் கொஞ்சம் அழகாகிவிடும் என்று நினைத்தேன் போல.

அவன் வந்து பார்த்தான். பையை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கூட்டாளிகளோடு அணி சேர்ந்து சண்டை போடுகிற கேம் அது. அவனுக்கு இருந்த கூட்டாளிகள் எல்லாரும் அதில்தான் இருந்தார்கள்.

கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்துக் கிளம்பிய அன்று, பேச்சு வளர்ந்து, "ஒனக்கு என்னைய விட மார்க்குதாம்மா பெருசு" என்றான். அறைந்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலேற ஜங்ஷனுக்குப் போனான். ரெண்டு வருஷமாகிறது. அப்பாவோடு பேசுவான், நான் போனை வாங்கினால் வைத்துவிடுவான். தீபாவளிக்கும் வரவில்லை.

"எந்நேரமும் அந்தக் கேம்லதான் கெடக்கான். அங்கன போனாத்தான் ஒன்னால அவனப் பிடிக்க முடியும்" என்று கணவர் கிண்டலாகச் சொன்னார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. கேமில் அவன் வைத்திருக்கும் பெயரை அவரை விட்டே கேட்டு வாங்கினேன்.

இப்போதாவது லினக்ஸில் ஓடாதா என்று, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேமை ஏற்றப் பொருநையின் முன் உட்கார்ந்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் ஏற்றினேன், திரை கறுத்துப்போனது. வேறொன்றை ஏற்றினேன், எழுத்து வந்தது, படம் வரவில்லை. மூன்று ஞாயிறு இப்படியே போனது. அடுப்பில் சோறு தீய்ந்தது. நாலாவது ஞாயிறு கேம் திறந்து இசை கேட்டது. அரை நிமிஷம்கூட இருக்காது. ஒரு பிழை வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"முன்ன மாதிரி இல்ல டீச்சர், இப்ப லினக்ஸ்ல முக்காவாசி கேம் ஓடுது. இது மட்டும் ஓடாது. கள்ள ஆட்டம் ஆடுதவனப் பிடிக்கதுக்கு உள்ள ஒரு காவல் வச்சிருக்கான்லா, அது லினக்ஸக் கண்டாலே வெளிய தள்ளிரும். நீங்க தலகீழா நின்னாலும் நடக்காது. பெட்டியக் கொண்டாங்க, அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாரேன்."

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. கடைசியாக ஒருதரம், அந்தப் பிழை வரியை அப்படியே இணையத்தில் போட்டுத் தேடினேன். லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் தளத்தில் ஒரு கேள்வி கிடைத்தது. கேட்டவன் தன் கணினி கக்கிய வரிகளை எல்லாம் ஒட்டியிருந்தான். வரிக்கு வரி அந்தக் கணினியின் பெயர் இருந்தது. பொருநை.

தேதியைப் பார்த்தேன். பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின மாதம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்று தெரியும். ஆனால் இது என் அம்மா போட்டது, அழித்தால் வருத்தப்படுவாள். இதிலேயே ஓட வைக்க வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

ஒருவர்கூடப் பதில் சொல்லியிருக்கவில்லை.

வாய்விட்டு அழுதேன். "ஏட்டி, என்னாச்சு? கரண்டு அடிச்சிட்டா?" என்று கணவர் ஓடிவந்தார். திரையைக் காட்டினேன். படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பதில் வந்தால் கேட்டவருக்கு மின்னஞ்சல் போகும் என்று கீழே இருந்தது. என் பெயரில் கணக்குத் திறந்தேன். 'அம்மாவை மன்னித்துவிடு' என்று அடித்தேன். பிறகு அழித்தேன். ஊரெல்லாம் பார்க்கிற இடத்தில் அவனைக் கூச்சப்பட வைக்க வேண்டாம். அங்கே மற்றவர்கள் எழுதுகிற மாதிரியே எழுதினேன்.

"எனக்கும் இதே பிரச்சினை. என் கணினியின் பெயரும் பொருநை."

பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. இன்றோடு பதினோரு நாளாகிறது, அதை அணைக்கவும் இல்லை.