தங்கபுஷ்பத்தின் தனிக்குரல்

ராயபுரத்து மாதா கோவில் பக்கம் போய்த் தங்கபுஷ்பம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. பாட்டுக்காரி வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். பகலில் திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலையில் பெட்டியில் குச்சி அடுக்குகிற வேலை. அங்கேயும் சாப்பாட்டு நேரத்தில் அவளை ஒரு பாட்டாவது பாட வைக்காமல் விடமாட்டார்கள். இப்படி ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடினால் யாருக்குத்தான் தலை கனக்காது? அவளுக்கும் கனத்தது.

அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவர் லாசர் மேஸ்திரி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோவிலுக்குப் பாட்டுக் கட்டுகிறவர். தாளில் எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியை வாயாலேயே சொல்லிக் கொடுத்து, பிறகு எல்லாரையும் சேர்த்துப் பாடவிட்டு, தூரத்தில் போய்க் கண்ணை மூடி நின்று கேட்பார். அவருடைய முதல் பாட்டில் ஆண்கள் ஒரே சுருதியைக் கரைவலைக் கயிறு மாதிரி விடாமல் பிடித்திருப்பார்கள், பெண்கள் அதன்மேல் ஏறி இறங்குவார்கள். கூட்டமாகப் பாடுவதென்றால் ஒருத்தர் பாரத்தை இன்னொருத்தர் தாங்குவது என்பது அவர் கட்சி.

இரண்டாவது பாட்டுதான் தங்கபுஷ்பத்தை மேலே ஏற்றியது. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதல்லவா, சனம் திரும்பி வந்தபிறகு அதையே பாட்டாக்கினார். குரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். கடைசியில் ஒரே ஒரு குரல் மிஞ்சும். அது தங்கபுஷ்பத்தின் குரல். வருஷா வருஷம் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்ததும் அவள் அதைப் பாட, கூட்டம் மூச்சுக் காட்டாமல் நிற்கும். ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு மாலைக்காகத்தான் அவள் மிச்ச நாளெல்லாம் குச்சி அடுக்கினாள் என்று சொன்னால் மிகையில்லை.

ஐம்பத்திமூன்றில் மேஸ்திரிக்குப் புதுசாக ஒன்று தோன்றியது. படகைக் கடலில் தள்ளும்போது ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொண்டு தள்ளுவார்கள் இல்லையா, அப்படி ஒரு பாட்டு. முதல் குரலை அவர் கொடுத்தது அடைக்கலமேரிக்கு.

அடைக்கலமேரி டோல்கேட் பக்கம் தெருத்தெருவாகக் கூவி மீன் விற்கிறவள். குழுவில் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. கூவிக் கூவித் தொண்டை தடித்துப்போனவள். தங்கபுஷ்பத்துக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, பற்றிக்கொண்டு எரிந்தது. சுருதி தெரியாதவள், கூடையை இறக்கிவிட்டு ஈரக்கையோடு ஒத்திகைக்கு வருகிறவள், அவளுக்கு முதல் குரலா? மேரி தன்னை அக்கா என்று கூப்பிட்டால்கூட அதில் ஒரு நக்கல் இருப்பதாகப் பட்டது. மேஸ்திரி மேரியிடம் சிரித்துப் பேசினால் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்தாள். வீட்டில் மேரி மாதிரியே மீன் கூவிக் காட்டினாள். புருஷன் சிரித்துவிட்டு, ஆனாலும் அந்தக் குரலில் ஒரு வேகம் இருக்கத்தான் செய்கிறது என்று சொல்லித் தொலைத்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மேஸ்திரியிடமே நேராகக் கேட்டாள்.

"எனக்கு இன்னா கொறச்சல் மேஸ்திரி?"

"ஒரு கொறச்சலும் இல்ல. நீ பாட்னா எல்லாரும் வாய மூடிக்கினு கேக்கறாங்க. இந்தப் பாட்டுக்குக் கேக்கறவங்க வாணாம்மா, கூட சேந்து தள்றவங்க வோணும்."

அவர் புகழ்ந்தாரா இகழ்ந்தாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. இகழ்ச்சி என்றே முடிவு கட்டிக்கொண்டாள். பெண்கள் வரிசை முழுக்கத் தன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறது என்பது அவளுக்கு நிச்சயம். திருவிழாவன்று வாயை மட்டும் அசைப்பது, குரல் விடுவதில்லை என்று தீர்மானித்தாள். பாட்டு நடுவில் கவிழட்டும், அப்போது தெரியும் யார் யாரென்று.

அன்று மாலை தேர் நிலைக்கு வந்தது. மேஸ்திரி வழக்கம்போல் கூட்டத்துக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். மேரி குரல் கொடுத்தாள். குழு வாங்கிக்கொண்டது. தங்கபுஷ்பம் வாயை அழகாகத் திறந்து திறந்து மூடினாள். பெண்கள் மேலே ஏற வேண்டிய இடம் வந்தபோது வரிசை கொஞ்சம் தள்ளாடத்தான் செய்தது. அவளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மேரி விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை குரல் கொடுத்தாள். அதற்குப் பதில் குழுவிலிருந்து மட்டும் வரவில்லை. தேர் பார்க்க வந்திருந்த காசிமேட்டு மீன்பிடி ஆட்கள் கூட்டத்துக்குள்ளிருந்து ஐலசா என்றார்கள். படகு தள்ளுகிற குரல் காதில் விழுந்தால் அவர்களால் சும்மா நிற்க முடியாது, வாய் தானாக வந்துவிடும். அடுத்த தடவை துறைமுகத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் பெண்கள், பிள்ளைகள், தேர் இழுத்தவர்கள். வருஷா வருஷம் மூச்சுக் காட்டாமல் நின்ற அதே சனம். அவள் புருஷனும் கையை ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தான். அத்தனை பேர் நடுவில் சத்தம் வராத வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பாட்டு முடிந்ததும் மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. மேரியைத் தாண்டி நேரே தங்கபுஷ்பத்திடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் உன் கொரலு எல்லார் கூடவும் கலந்துச்சு. தேடித் தேடிப் பாத்தேன், தனியா கேக்கவே இல்ல. இனிமே இப்டியே பாடு."

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தாள். மேஸ்திரி காரணம் கேட்பாரே என்ற பயத்தில் கிளம்பிப் போனாள். மேஸ்திரி தூரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். மேரி குரல் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள வாயைத் திறந்த பாட்டுக்காரிக்கு எவ்வளவு குரல் விடுவது என்று தெரியவில்லை.