பக்கத்து வீட்டு மதினியைக் கொலைகாரி ஆக்கிய கதை

அறுபது வயது தாண்டிய பிறகுதான் நான் கொலைக்கதை எழுதத் தொடங்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பொழுது போய்விடும். ஆனாலும் என் கதை அச்சில் வந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

தாராவியில் குடியிருந்துகொண்டு, மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பல வருடம் சமையல் வேலை பார்த்தேன். அந்த வீட்டு மாமி பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அலமாரி முழுக்கத் துப்பறியும் நாவல்களாக வைத்திருந்தார். கண்ணில் புரை விழுந்து எழுத்து மங்கியதும் என்னை வாசிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு கொலை நடந்து முடிய ஒரு வாரம் ஆகும். ஒருநாள் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்கே போறே? பருப்பு குழைஞ்சா குழையட்டும். பால்ல விஷம் கலந்தது யாருன்னு சொல்லிட்டுப் போ" என்றார் மாமி.

"எனக்கும் தெரியலயே மாமி."

"அப்போ உக்காரு."

பிறகு மாமி கண் ஆபரேஷன் செய்துகொண்டு, செம்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். புத்தகங்களும் கூடவே போயின. எனக்கு மத்தியானம் ஆனால் யாராவது சாக வேண்டும் போல இருக்கும். வாசிக்கப் புத்தகம் இல்லாததால் நானே ஒருத்தியைச் சாகடித்தேன்.

துப்பறிவதை நாவலில் பாதி படித்தேன். மீதியைப் பக்கத்து வீட்டுப் பூனையிடம் படித்தேன். எங்கள் சந்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். அந்தப் பூனை தகரக் கூரை வழியாக எந்த வீட்டிலும் இறங்கும். எங்கேயிருந்து வருகிறது, வாயை நக்குகிறதா, யாரைக் கண்டால் ஒதுங்குகிறது என்று பார்த்தாலே போதும். விரத நாளில் மீன் பொரித்த வீட்டை நான் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரிக்கு இன்றுவரை யார் சொன்னது என்று தெரியாது.

பூனையை வளர்ப்பவள் பக்கத்து வீட்டுக்காரி, இட்லி விற்பவள். நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே என் பிரசவத்துக்கும் என் வீட்டுக்காரர் சாவுக்கும் பக்கத்தில் நின்றவள் அவள்தான். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டுமுன் உள்ளே தலையை நீட்டிப் பூனையிடம், "உள்ள கெடக்கியா, வெளிய வாரியா?" என்று கேட்பாள். பதில் வராமல் பூட்டமாட்டாள்.

என் கதையில் செத்தவள், மோட்டார் போட்டு சந்துத் தண்ணீரையெல்லாம் தன் வீட்டுக்கு இழுத்தவள். இன்னொருத்தி அவளை மாடி ஏணியிலிருந்து தள்ளிவிட்டு, பதற்றத்தில் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறாள். வழக்கமாகப் பூனையைக் கேட்டுவிட்டுத்தான் பூட்டுவாள். அன்றைக்குக் கேட்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட பூனை கத்துகிறது. அந்தக் கத்தல்தான் அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

கொலைகாரியை நான் பூ விற்கிறவளாக ஆக்கியிருந்தேன். உடம்பையும் தடியாக்கியிருந்தேன். அந்தக் கேள்வியை மாற்ற மட்டும் தோன்றவில்லை. தினமும் காதில் விழுந்து விழுந்து, உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் பூட்டுவார்கள் என்று நினைத்து எழுதிவிட்டேன். மாமி எழுத்துப் பிழை திருத்தி, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்குக் கொடுத்தார். அச்சானதைக் கையில் வாங்கிப் பெருமையாக வாசித்துக்கொண்டு வந்தபோதுதான் அது மதினியின் கேள்வி என்று உறைத்தது.

மதினிக்கு வாசிக்கத் தெரியாது. சந்தில் இளவட்டங்கள் படித்ததெல்லாம் இந்தியும் இங்கிலீஷும். அதுதான் தைரியம். ஆனால் அவள் விடவில்லை.

"எல்லாரும் சொல்லுதாவ, நீ கத எழுதிருக்கேன்னு. எனக்கு வாசிச்சுக் காட்ட மாட்டியா?"

கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். அடுத்த வாரம் தலைவலி என்றேன். வாசிக்கும்போது ஆளை மாற்றிவிடலாம் என்றும் நினைத்தேன். மாற்றினால் பூனை எதற்குக் கத்துகிறது? வேறு வழி யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியிலிருந்து மதினியின் மகள் வந்தாள். மலரைக் கேட்டாள்.

"ஒனக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே" என்றேன்.

"ஃபோன் வாசிக்கும் அத்த. போட்டோ எடுத்தா போதும்."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கொடுத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். ரயிலில் அடுத்த ஸ்டேஷனைச் சொல்வது போன்ற குரலில் ஃபோன் என் கதையை வாசித்தது. ஏணியிலிருந்து தள்ளிவிட்டதையும் அதே குரலில்தான் சொன்னது. நான் வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பூனையைக் கேட்கும் இடம் வந்தது.

"அம்மா, யே தோ தூ ஹை! நீயேதான்!" என்று மகள் சிரித்தாள்.

ஃபோன் மட்டும் கடைசி வரை வாசித்து முடித்தது.

மதினி சேலை முந்தியில் கையைத் துடைத்தபடி என் வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, அவள நான் எதுக்குக் கொன்னேன்?"

"நீ எங்க கொன்ன? அது கதயில ஒருத்தி."

"கதயில ஒருத்தி எம்பூனைகிட்டதான் கேக்கா. சொல்லு, எதுக்குக் கொன்னேன்?"

"தண்ணிக்கு" என்றேன்.

"தண்ணிக்கு! ஒரு கொடம் தண்ணிக்கு உசுர எடுப்பா இவன்னு, இத்தன வருசம் பக்கத்துல இருந்து பாத்து வச்சிருக்க."

பின்னாலிருந்து மகள், "ஸ்டோரிதானம்மா, ஏன் டென்ஷன் ஆவுற?" என்றாள்.

"நீ சும்மா கெட." என் பக்கம் திரும்பினாள். "வேற எவளயாச்சும் கொலைகாரியா மாத்து."

"அச்சாயிட்டு மதினி."

"மறுபடி போடும்போது மாத்து."

சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "மாத்தினா கத நிக்காது" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப ஒங்கத நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பேச்சை அடியோடு நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். அப்படி நிறுத்தவில்லை. இட்லி மிஞ்சினால் இப்போதும் தருகிறாள். ஆனால் நான் எதைக் கேட்டாலும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். செம்பூரிலிருந்து மாமி ஃபோன் செய்து, அடுத்த கதை எப்போ, அதுல யாரைக் கொல்லப் போறே என்று கேட்கிறார். எழுத உட்கார்ந்தால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மதினி நடமாடும் சத்தம்தான் கேட்கிறது.

நேற்றுக் காலை துணிப்பையோடு கிளம்பினாள்.

"எங்க மதினி?" என்றேன்.

"கதைக்குக் கேக்கியா, சும்மா கேக்கியா?"

"சும்மாதான்."

"அம்பர்நாத் வரைக்கும்."

யார் வீட்டுக்கு என்று சொல்லவில்லை. பை கனமாகத் தொங்கியது. அதில் என்ன என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. சந்து முனை வரைக்கும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்புமுன் அவள் நின்று, நான் பார்ப்பதைப் பார்த்தாள். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போனாள்.