உப்பில்லாத வருஷம்

புள்ளியியல் படித்து முடித்த கையோடு எனக்குக் கிடைத்த தற்காலிக வேலை, பிறந்த தேதி தெரியாதவர்களின் வயதைக் கண்டுபிடிப்பது. எழுபதுகளின் கடைசி. முதியோர் உதவித்தொகை கேட்டு ஜவ்வாது மலையிலிருந்து வந்த மனுக்களில் வயதுக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதற்கென்று ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் வைத்திருந்தோம்: பஞ்சம், வெள்ளம், சுதந்திரம். எல்லாவற்றிலும் முக்கியமானது 1918, உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல். பயிற்சி வகுப்பில் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: போர்முனை, கப்பல், பம்பாய், ரயில், பிறகு வீடு வீடாக. செத்தவர்கள் கோடிக்கணக்கில். அதை மறந்தவர் இருக்கவே முடியாது. நினைவிருந்தால் வயது போதும், இல்லாவிட்டால் தள்ளுபடி. நானும் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூருக்கு வருவாய் ஆய்வாளரோடு ஜீப்பில் போனேன். முதலில் வந்தவருக்கு மீசை கருகருவென்று இருந்தது.

"பெரிய காய்ச்சல் ஞாபகம் இருக்குங்களா?"

"இல்லாமயா மேடம்? எனக்கே வந்துச்சுங்க. பொழச்சதே பெருசு."

"மீசையில ஒரு நரை கூட இல்லியே, இன்னாய்யா?" என்றார் ஆய்வாளர்.

"மலைத்தேனுங்க சார். சாப்ட்டுப் பாருங்க, உங்களுக்கும் கருக்கும்."

காலையில் கீழூரில் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தோம். அது குறுக்குவழியில் ஏறி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

அடுத்து ஒரு கிழவி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊரார் கொல்லைகளில் களையெடுத்துச் சாப்பிட்டவர். இப்போது சாமைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டதால் யாரும் கூப்பிடுவதில்லை. இந்தத் தொகை வந்தால்தான் சோறு.

"காய்ச்சலா? எந்த வருசம்மா காய்ச்சல் இல்ல?"

"இது வேற ஆயா. ஊர் ஊரா செத்தாங்களே."

"எங்கூர்ல அப்டி யாரும் சாவலியே."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "தள்ளுபடின்னு போடுங்க மேடம். மீசைக்காரனுக்கே தெரியுது, இதுக்குத் தெரியல."

"தெரியாதத தெரியும்னு சொல்லணுமா சாமி?" என்றார் கிழவி.

பட்டியலில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன்: சின்ன வயதில் எது நினைவிருக்கிறது?

"உப்பில்லாத வருசம்," என்றார் சட்டென்று. "நான் ஆட்டுக்குட்டி மேய்க்கிற வயசு. எங்கப்பன் சாமை மூட்டைய தூக்கினு உப்பு மாத்த கீழ எறங்கினான். அங்க கடை, வூடு, எல்லாம் சாத்தி கெடந்துச்சாம். கூப்ட்டா ஒருத்தன் எட்டிப் பாக்கல. சாமை வெலய கொறைக்க எல்லாரும் கூடிப் பேசிகினாங்கன்னு நெனச்சு மூட்டையோட திரும்பிட்டான். அந்த வருசம் பூரா உப்பில்லாத களிதான். மறுதரம் போனா கடையில வேற ஆளு குந்தினு இருந்தானாம். வெள்ளக்காரன் சண்ட முடிஞ்சுபோச்சுன்னு பேசிகினாங்களாம்."

ஒவ்வொன்றாகக் குறித்தேன்: சாமை அறுவடைக்குப் பின், சண்டை முடிந்த சமயம், கடைக்கு வேறு ஆள். சந்தேகமே இல்லை. ரயிலேறி வந்த காய்ச்சல் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. எங்கள் பட்டியலும் அங்கேயேதான் நின்றது.

"உப்பையா மேடம் தாசில்தாருக்கு அனுப்பறது?" என்றார் ஆய்வாளர். அவர் சொன்னதும் நியாயம்தான். 'பெரிய காய்ச்சல் நினைவிருக்கிறது' என்று எழுதிக் கிழவியிடம் படித்துக் காட்டினேன்.

அவர் கைநாட்டு வைக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டார். "வராத நோவ வந்துச்சுன்னு எழுதாத கண்ணு. பட்டினி கெடந்தாலும் கெடக்கறேன்."

"ஆயா, கீழ கடைய சாத்தினவங்க உங்கப்பாவ ஏமாத்தல. உள்ள காய்ச்சல்ல செத்துக் கெடந்தாங்க. அதான் யாரும் எட்டிப் பாக்கல."

கிழவி மலைப்பாதை இறங்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எங்கப்பன் சாவற மட்டும் அந்த ஊர திட்டிகினே இருந்தான். செத்தவங்களயா திட்னான்?"

பிறகு கட்டைவிரலை நீட்டினார்.

"எழுதிக்க. இப்ப ஞாபகம் வந்துடுச்சு."

மீசைக்காரருக்குத் தொகை உடனே வந்தது. பட்டியலோடு அச்சு அசலாகப் பொருந்திய பதில் அவருடையது. கிழவியின் மனு ஒருமுறை திரும்பி வந்து, விளக்கம் போன பிறகுதான் தேறியது. ஓரத்தில் 'உப்பில்லாத வருஷம்' என்று நான் எழுதியிருந்ததைச் சுழித்து, அது என்ன நோய் என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள்.