பிரிட்ஜ் நின்ற இடம்

பழைய உதவிக் கொடுப்பனவை நிறுத்திவிட்டு, உண்மையான ஏழையை மட்டும் கண்டுபிடிக்கும் புதிய திட்டம் ஒன்றை அரசாங்கம் கொண்டுவந்தது. வீடு வீடாக வந்து, போனைப் பார்த்துக் கேள்வி கேட்டு, புள்ளி போடுவார்களாம். கேள்விப்பட்ட அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான்.

காரணம், என் மனைவியின் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு நோய். முன்பெல்லாம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் இன்சுலின் சும்மா கிடைத்தது. இப்போது பல மாதங்களில் ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைக்கிறது. "வெளிய வாங்குங்க." புத்தளத்தில் முந்தல் ஊருக்குப் பக்கத்தில் இறால் பண்ணையில் கூலி வேலை செய்கிறவன் நான். கொடுப்பனவில் பேர் வெட்டுப்பட்டால் வெளியே வாங்க வழியில்லை.

வீட்டில் பிரிட்ஜ் இருந்தால் பேர் வெட்டு என்று எங்கள் ஒழுங்கையில் கதை வந்தது. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நானாவுக்கு (எங்களில் மூத்த ஆம்பிளை எல்லாரும் நானாதான்) மகன் கட்டாரில் வேலை. எப்படியும் பேர் வராது என்று நிம்மதியாக இருந்த ஒரே மனிதர் அவர்தான். ஒழுங்கையிலுள்ள பிரிட்ஜ் எல்லாம் அவர் அறைக்குள் போயின.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துவக்கு முனையில் விரட்டியபோது எங்களிடம் பிரிட்ஜ் இருக்கவில்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்துக்கொண்டேன். துவக்கு காட்ட யாரும் வராமலே, என் பிரிட்ஜை நானே மீன் வண்டியில் ஏற்றி விரட்டினேன்.

அந்த அறையில் நாலு பிரிட்ஜ், ஒரே ஒரு பிளக். முறை வைத்துக் கொழுவினோம். முறை பிந்தியது என்னுடையது. பண்ணையில் கிடைத்த இறால் அதற்குள் இருந்ததை மறந்தே போனேன். கணக்கெடுக்க நாளைக்கு வருவதாகச் சொன்னவர்கள் நாலாம் நாள்தான் வந்தார்கள். அதற்குள் அந்த அறை மீன் செத்து மிதக்கும் களப்பு மாதிரி நாறியது. அந்த நாற்றத்துக்குள் என் மனைவி காலையும் மாலையும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஊசி போடப் போனாள். நான் வாசலில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.

வந்தது ஒரு இளம் பெண், எங்கள் முஸ்லிம் ஆள்தான். கதிரையில் இருந்ததும் மூலையைப் பார்த்தாள். சீமெந்துத் தரையில் பளிச்சென்று ஒரு சதுரம், நாலு பக்கமும் துரு.

"இதில என்ன இருந்திச்சு நானா?"

"தொழுற இடம் மகள்."

சுவரைப் பார்த்தாள், யன்னலால் வரும் காலை வெயிலைப் பார்த்தாள். "மேற்கால இருந்த கிப்லா கிழக்கால போயிட்டா?"

உள்ளே மனைவி இருமினாள். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

"சரி. வீட்டில நாட்பட்ட நோயாளி ஆரும் இருக்காங்களா?"

வாயைத் திறந்தேன்.

"இருந்தா மருந்தைக் காட்டணும், போட்டோ எடுக்கணும்."

மருந்து பிரிட்ஜில். பிரிட்ஜ் பக்கத்து வீட்டு நானாவின் அறையில். அங்கே இன்னும் மூன்று. ஒழுங்கையே என்னால் பிடிபடப்போகிறது.

"இல்ல. அல்லாஹ்ட காவல், எல்லாரும் சுகம்."

போனில் விரலால் ஒரு தட்டு. இருபது வருஷமாக டொக்டர்மாரால் முடியாததை நான் ஒரே சொல்லில் முடித்தேன்.

கையில் வெறும் ஊசியோடு மனைவி வெளியே வந்தாள். "அப்ப எனக்கு இல்லாத வருத்தத்துக்கா தினம் குத்திக்கொள்றன்?"

அந்தப் பெண் போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். "பின்னால போக விடுதில்ல ராத்தா. மேன்முறையீடு போடுங்க. நோயாளி இருந்திருந்தா புள்ளி கூடியிருக்கும்." எழும்பிப் போகும்போது திரும்பினாள். "இன்சுலின் வைக்கிற வீட்டில பிரிட்ஜ் இருக்கத்தானே வேணும் நானா, ஏன் ஒளிச்சீங்க?"

ஏழை என்று காட்ட நாங்கள் என்னென்ன செய்வோம் என்பதை எழுத எனக்கே ஓங்காளிக்கிறது. செய்ய வைத்தவர்களை நினைத்தால் அதைவிட.

பட்டியலில் எங்கள் பேர் இல்லை. மேன்முறையீட்டோடு புத்தளம் கந்தோருக்குப் போனேன். "உங்கட வீட்டில நோயாளி இல்லையெண்டு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?" என்றார்கள். பதில் இன்னும் வரவில்லை.

பிரிட்ஜ் அதன் துருச் சதுரத்துக்கே திரும்பி வந்துவிட்டது. தேசிக்காய் போட்டுக் கழுவினோம், சாம்பிராணியும் பிடித்தோம். நாற்றம் போகவில்லை. கடைசி இன்சுலின் போத்தல் அதன் கதவில் நிற்கிறது, பாதிக்குக் கீழே.

காலையில் மனைவி கையை நீட்டுவாள். "வருத்தமில்லாத பொம்பளைக்கு மருந்தை எடுத்துத் தாங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கிறேன்.