மூன்றாம் கியரில் இறங்கியது

பிற்பகல் மூன்று பத்துக்குத்தான் அந்த நாற்றம் முதலில் வந்தது. லொறியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்னக் கடிகாரத்தை அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். வத்தேகம கோயிலில் மாலைச் செபத்துக்குப் போய்ச் சேரலாமா என்று யோசனை. செருப்பு தீய்வது போன்ற நாற்றம். மலையில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னமோ கருகுது தம்பி," என்றேன்.

ஓட்டிக்கொண்டிருந்த மகன் பிரேக்கை மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான்.

நான் மடுல்கெல்லயில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீடு வத்தேகமயில். கணவர் கட்டாருக்குப் போகுமுன் வாங்கிய பழைய ஜப்பான் லொறியை மகன்தான் ஓட்டுகிறான். ஒரே பிள்ளை. மேலே போகும்போது தோட்டத்துக்கு உரமூட்டை, கீழே வரும்போது தேயிலை மூட்டை; இரண்டு பக்கமும் முழுப் பாரம். என் பள்ளிக்கூடம் விடும் நேரமும் அவன் பாரம் ஏற்றி முடிக்கும் நேரமும் ஒத்துவரும் நாட்களில் அவனோடு இறங்கிவிடுவேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதற்கு இது எவ்வளவோ மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

டீசலுக்கு வரிசையில் கிடந்த அந்தக் காலத்துக்குப் பிறகு, எங்கள் பக்கத்து லொறிக்காரர்களுக்கு வேறு பேச்சே இல்லை. யாருடைய லொறி எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் பேச்சு. வத்தேகம லொறி ஸ்டாண்டில் சனிக்கிழமை காலையில் ஒருவர் டாங்கியில் மற்றவர் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். எங்கள் லொறிதான் அங்கே கேலிக்கு ஆளானது. பாரத்தோடு ஏறும்போது அது கக்கும் கரும்புகையில் பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரன் முகம் கறுத்துவிடும். அந்தப் புகை வீணாய்ப் போகும் டீசல்தான் என்று மகனுக்கு விளக்கியவர் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் மெக்கானிக். மகன் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான். மலையில் எஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை, அதனால் ஊற்றுகிற டீசல் முழுதாய் எரிவதில்லை. காற்றை அடித்து உள்ளே தள்ள ஒரு டர்போ வைத்தால் குறைந்த டீசலில் கூடுதலாக இழுக்கும் என்றார் அவர். டர்போ பூட்டினார். இன்ஜெக்டர்களைக் கழற்றி மாற்றினார், பம்பைச் சரிசெய்தார். வேலை சுத்தமான வேலை. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமையே ஸ்டாண்டில் பேச்சு மாறிவிட்டது.

"டேய், பொகை எங்கடா? வித்துட்டியா?"

"டாங்கியில தண்ணியா ஊத்துற? குச்சிய நல்லா விட்டுப் பாருங்கப்பா, பொய் சொல்றான் இவன்."

மகன் வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினான். முன்பு இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறிய பன்விலை ஏற்றத்தில் இப்போது அதே பாரத்தோடு மூன்றாம் கியரில் ஏறுகிறது என்று கட்டாருக்கு வீடியோ எடுத்து அனுப்பினான். அவனுடைய அப்பா அங்கிருந்து கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

இங்கே மலைப்பாதைச் சாரதிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பாரத்தோடு எந்தக் கியரில் ஏறினார்களோ, அதே கியரில்தான் இறங்குவார்கள். யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. லொறி ஓட்டத் தொடங்கியதுமே கை அப்படிப் பழகிவிடும். மகனும் அப்படித்தான். அன்று காலை உரமூட்டையோடு மூன்றில் ஏறினான். பிற்பகல் தேயிலையோடு மூன்றில் இறங்கினான். டர்போ வந்த பிறகு பாரத்தோடு ஏறி, அதே நாளில் பாரத்தோடு இறங்கியது அன்றுதான் முதல் முறை. அதற்கு முந்தைய நாட்களில் தோட்டத்தில் தேயிலை குறைவு; திரும்பும்போது பாதிப் பாரம்கூட இருந்ததில்லை. மேலே இழுப்பது டீசலின் பலம், கீழே பிடித்து நிறுத்துவது எஞ்சினின் சொந்த இறுக்கம். முதலாவது கூடியிருந்தது, இரண்டாவது கூடவில்லை. இரண்டாம் கியரில் கிடைக்கும் பிடி மூன்றில் கிடைக்காது; மீதிப் பாரத்தைப் பிரேக்கே தாங்கித் தீய்ந்துகொண்டிருந்தது. இதை இப்போது என்னால் கரும்பலகையில் படம் போட்டே விளக்க முடியும். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

நாற்றம் கூடியது. தூறல் வேறு. இரண்டு வளைவுகளுக்குப் பிறகு அவனுடைய கால் பிரேக் பெடலை அடிவரைக்கும் அழுத்துவதைப் பார்த்தேன். லொறி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அம்மா, பேசாதீங்க."

நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றப் பார்த்தான். கிளச்சை மிதித்து மூன்றைக் கழற்றினான், இரண்டு விழவில்லை. இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம் மட்டும் வந்தது. மூன்றைத் திரும்பப் போடப் பார்த்தான், அதுவும் விழவில்லை. எஞ்சினின் பிடி முழுதாக விட்டுப்போனது. லொறி முன்னால் குதித்ததுபோல் இருந்தது. பின்னால் இருந்த தேயிலை முழுவதும் எங்கள் முதுகில் சாய்ந்துகொண்டது என்று நினைத்தேன். கீழே, இரண்டு திருப்பம் தள்ளி, ஒரு பஸ் நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த பஸ்ஸில்தான் போவார்கள்.

வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் வெட்டிய மண்மேடு, அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடும் கான். மேட்டில் உரசித்தான் நிறுத்த முடியும். அது எனக்கே தெரிந்தது. ஆனால் அவன் திருப்பவில்லை. ஏன் திருப்பாமல் இருக்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது ரோட்டை அல்ல, என்னை. இடது கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது நான்.

"இந்தப் பக்கம் வாங்க! எஞ்சின் மேல ஏறுங்கம்மா, ஏறுங்க!"

எங்களுக்கு நடுவில் இருந்த எஞ்சின் மூடி கொதித்தது. சேலையைச் சுருட்டிக்கொண்டு அதன் மேல் முழங்கால் போட்டேன். அவன் இடது கையால் என் கழுத்தைச் சுற்றித் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

அதற்குப் பிறகு சத்தம்தான் ஞாபகம். கதவு மண்ணில் உரசிய சத்தம், கண்ணாடி, வேர்கள் பட்பட்டென்று அறுந்தது. இடது சக்கரங்கள் கானில் விழுந்தன. லொறி மேட்டில் சாய்ந்து, இன்னும் கொஞ்சத் தூரம் இழுத்துக்கொண்டு போய், நின்றது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குள் மண்ணும் ஒரு தேயிலைச் செடியும் வந்திருந்தன.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். "ஐயோ, நம்ம டீச்சரம்மா!" என்று ஒருத்தி கத்தினாள். வலது கதவு வழியாக எங்களை இறக்கினார்கள். என் முழங்கால் வெந்திருந்தது, அவன் நெற்றியில் கீறல், அவ்வளவுதான். ஒருத்தி தன் தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் கொடுத்தாள். அவனால் மூடியைத் திறக்க முடியவில்லை.

"காளமாடு மாதிரி இருக்கான், போத்தல் தொறக்கத் தெரியல," என்று அவள் திறந்து கொடுத்தாள். யாரோ சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்து, அழுதான்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா."

"சொல்லல."

"ஏறினது மூணுலதானம்மா. அதான் மூணுல எறங்கினேன். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அவன் நெற்றிக் கீறலைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். கண்டியில் வேலையாக நின்ற மெக்கானிக்குக்குப் போனில் கோல் எடுத்தவன் அவன்தான். அவர் வரும்வரைக்கும் நாங்கள் கானோரத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்குள் கோபம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குச் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கி வைத்துக்கொண்டேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களா என்பது அதில் முதலாவது.

கடைசியில் அவர் மோட்டார்சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் முழங்காலைப் பார்த்தார், மகன் நெற்றியைப் பார்த்தார். பிறகு குனிந்து சக்கரங்களின் பக்கம் கையை நீட்டி, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார்.

"எத்தினையில வந்தீங்க மகன்?"

"மூணுல, நானா. ஏறினது மூணுலதானே."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"யா அல்லாஹ். ஏத்தத்த மட்டும்தான் நான் யோசிச்சேன். எறக்கத்த நெனக்கவே இல்ல," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இதே மாதிரி இன்னொரு லொறிக்கும் பூட்டிக் குடுத்தீக்கிறேன். அவன் இப்ப கம்பளைக்கு மேல லோட் ஏத்திட்டு எறங்கப் போறான். என்ட போன் நனஞ்சிட்டு, நான் நம்பரச் சொல்றேன், நீங்க அடிங்க. ரெண்டுல எறங்கச் சொல்லுங்க."