ராகவன் வாங்கிய ரம்பம்

போன ஞாயிற்றுக்கிழமை டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் பிளாக்கை எழுப்பியது பால்காரர் அல்ல — ராகவன்.

ராகவன் கீழ் வீட்டுக்காரர். சர்க்கார் உத்தியோகம். போன குளிர்காலத்தில் அவருடைய மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். வீட்டில் செப்பு பாய்லர் உண்டு, விறகும் உண்டு. ஆனால் விறகுக் கடையில் கொடுத்ததெல்லாம் தொடை தடிமனில் நீளக் கட்டைகள். பாய்லரின் வாயோ ஒரு சாண். டெல்லிக் குளிரில் பச்சைத் தண்ணீர்... மாமியார் மூன்றாம் நாளே ரயிலேறிவிட்டார்.

இந்த வருஷம் மறுபடி வருகிறார் என்று கடிதம் வந்தது.

"இந்தத் தடவையும் வெந்நீர் இல்லேன்னா அம்மாவோட நானும் கிளம்பிடுவேன்" என்றார் மனைவி வைதேகி. சொன்னால் செய்கிறவர்.

ஆகவே செயின் ரம்பம். பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பும் தூதரகக்காரர்கள் வீட்டுச் சாமான்களை விற்பார்களே, அப்படி ஒரு சாணக்யபுரி பங்களாவுக்கு ராகவனும் வைதேகியும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

புல்வெளியில் இரண்டு ரம்பங்கள். ஒன்று கரண்ட்டில் ஓடுவது, சின்னது. மற்றது பெட்ரோல், சிவப்பு, தூக்கினால் தோள் இறங்கும்.

"ஏன்னா, வாராவாரம் நீங்கதானே தூக்கி அறுக்கணும். சின்னதே போறுமே" என்றார் வைதேகி.

"டெல்லி கரண்ட்டை நம்பியா? நன்னாயிருக்கு!"

"பெரிசைக் கையில வெச்சுண்டு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்களேன்" என்றேன் நான்.

நின்றார். இரண்டாவது நிமிஷத்தில் முகம் ரம்பத்தின் நிறத்துக்கு வந்தது. ஆனாலும், "பவர்னா இதுதான் ஓய்!" என்றார். வாங்கியும் விட்டார்.

ஞாயிறு காலை. மத்தியானம் மாமியார் வருகிறார். குரங்குக் குல்லாவோடு ராகவன் ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அடடா, என்ன சத்தம்! ஜன்னல்கள் திறந்தன.

முதல் கட்டையை எடுக்கக் குனிந்தார். அதற்குள் மாடி வீட்டு சர்தார்ஜி தோளில் ஒரு கட்டையோடு நின்றார்.

"ராகவன் சாஹப், பஸ் ஏக்!"

ஒன்றுதானே? அறுத்தார். சர்தார்ஜி மேலும் ஐந்தாறோடு திரும்பினார். அவர் பின்னால் எதிர் வீட்டு வங்காளிப் பேராசிரியர், உடைந்த கட்டில் காலுடன். அவர் பின்னால்... சரி, நானும்தான்.

முடியாது என்று சொல்லலாமே? எப்படிச் சொல்வது? சர்க்கார் குடியிருப்பில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அது பிளாக்கின் போன். ஃப்ரிட்ஜ் இருந்தால் பிளாக்கின் ஐஸ். ரம்பம் வாங்குகிறவர்கள் எடை பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள். எத்தனை வீட்டுக்குக் கேட்கும் என்று மட்டும் பார்ப்பதில்லை!

"அச்சா, உங்களோடது முடியட்டும்" என்று எல்லோரையும் முன்னே விட்டார். கடைசியாகத் தன் கட்டையின்மேல் ரம்பத்தை வைத்தபோது, அது இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் காலி. வாசலில் டாக்ஸி.

இறங்கியது மாமியார். வைதேகி அம்மாவின் பெட்டியை மறுபடி வாசல் பக்கம் நகர்த்தி வைத்தார். பக்கத்தில் தன் பெட்டியை. ராகவன் ரம்பத்தைவிட அதிகமாக நடுங்கினார்.

காப்பாற்றியது சர்தார்ஜி மனைவிதான். "மாதாஜி, ஊப்பர் ஆயியே!" என்று மாடிக்கு அழைத்துப்போனார். அரை மணி கழித்து மாமியார் ஈரத் தலையில் துண்டோடு, முகமெல்லாம் மலர இறங்கி வந்தார்.

"என்ன சூடு, என்ன சூடு! மாப்பிள்ளை, அந்த மனுஷர் எவ்வளவு சமத்தா விறகைத் துண்டு துண்டா அறுத்து வெச்சிருக்கார்! நீங்களும் போய்க் கத்துக்கக்கூடாதோ?"

சிவராத்திரி வரை இருக்கப்போகிறாராம் — சாப்பாடு கீழே, குளியல் மேலே.